ஊர்ப் பள்ளியில் நீட் மாதிரித் தேர்வு: வினாத்தாள் தயாரிப்பதிலிருந்து பிழைக் கணக்கு எழுதுவது வரை

2025-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25-ஆம் தேதி முடிந்தது. நீட் மே 4, ஞாயிற்றுக்கிழமை. நடுவில் கிடைத்தது சுமார் 40 நாள். ஏறக்குறைய எல்லா ஆண்டும் இதே இடைவெளிதான். நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நாட்களில் மாதிரித் தேர்வு மேல் மாதிரித் தேர்வாக ஓடும். அந்தியூரிலோ தாராபுரத்திலோ அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து திருப்புதல் செய்யும் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கும். ஆனால் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணி வரை எழாமல் 180 கேள்வியைப் பார்த்த அனுபவம் ஒருமுறைகூட இருக்காது. முதல் அனுபவமே உண்மைத் தேர்வாக அமைந்துவிடுவதுதான் பெரிய நட்டம்.

ஊரிலேயே மாதிரித் தேர்வு நடத்தப் பெரிய செலவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு வகுப்பறை, ஒரு பிரிண்டர், சுவரில் ஒரு கடிகாரம், பொறுமையுள்ள ஒரு ஆசிரியரோ பெற்றோரோ போதும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் நல்லது. ஒரே ஒரு பிள்ளை என்றாலும் நடத்தலாம்.

முதலில் தேர்வின் அளவு. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழியும், தொடாமல் விட்டால் பூஜ்யம். இது 2025-இன் அமைப்பு. நடத்தப்போகும் ஆண்டின் தகவல் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்து, மாற்றம் இருந்தால் அதன்படி திருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: எத்தனை தேர்வு, எந்த நாள்

40 நாளில் ஒன்பது அல்லது பத்து முழுத் தேர்வு போதும். ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். தினம் ஒரு தேர்வு வைக்கிற இடங்களும் உண்டு. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு தேர்வை அலசி முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும்; தினமும் எழுதினால் அலசவே நேரம் இருக்காது, அதே பிழை பத்து முறை திரும்பத் திரும்ப வரும்.

தேதி குறிக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. வார நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. எந்தத் துணை மின்நிலையம், எந்த ஊர் என்று முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். புதன்கிழமைத் தேர்வு அதில் மாட்டினால் வியாழனுக்குத் தள்ளுங்கள். இரண்டாவது மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா. பங்குனி, சித்திரையில் ஊரில் கம்பம் நட்டுவிட்டால் நோம்பி முடியும் வரை மைக் செட் ஓயாது. கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளியை அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள். ஆனால் சுத்தமான அமைதியைத் தேடி அலையவும் வேண்டாம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அமைதியான அறைதான் புதுசு, அதையும் பழகத்தான் வேண்டும்.

படி 2: வினாத்தாள்

முந்தைய ஆண்டுகளின் உண்மையான நீட் தாள்களுக்கே முதலிடம். தனியார் தயாரிக்கும் மாதிரித் தாள்கள் பலவற்றில் இயற்பியல் தேவைக்கு மேல் கடினமாகவும், உயிரியல் வெறும் மனப்பாடமாகவும் இருக்கும். ஐந்து அல்லது ஆறு உண்மைத் தாள், மூன்று நான்கு தயாரித்த தாள் என்று கலந்து வையுங்கள்.

பழைய தாளை அப்படியே கொடுக்கக் கூடாது. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு பாடத்திலும் அ பிரிவில் 35, ஆ பிரிவில் 15. அந்தப் பதினைந்தில் பத்துக்கு எழுதினால் போதும். இப்போது அந்தச் சலுகை இல்லை. அதனால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கிலும் அ பிரிவின் 35-ஐயும், ஆ பிரிவின் முதல் 10-ஐயும் மட்டும் எடுங்கள். 45 வீதம் நான்குக்கு 180 வந்துவிடும். மிச்சமுள்ள ஐந்தைந்து கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டாம், அவை அடுத்த வேலைக்கு ஆகும். 2022, 2023, 2024 தாள்களுக்கு 200 நிமிடம் கொடுத்தார்கள். நீங்கள் 180 நிமிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த வேலை, நீக்கப்பட்ட பாடங்களைச் சலிப்பது. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. திட நிலைமை, பலபடிகள், செரித்தல் மற்றும் உட்கிரகித்தல் போன்றவை போய்விட்டன. நம் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் திட நிலைமை இருக்கிறது, பொதுத்தேர்வுக்குப் படித்த பிள்ளைக்கு அது அத்துப்படி. அந்தக் கேள்விகளை விட்டுவைத்தால் மாதிரித் தேர்வில் வராத மதிப்பெண் வந்ததுபோலத் தெரியும். நீக்கிய இடத்தில் எடுத்து வைத்த ஆ பிரிவுக் கேள்விகளைப் போட்டு நிரப்புங்கள்.

தாள்களின் வரிசையிலும் கவனம் வேண்டும். 2025 தாளின் இயற்பியல் பலரைக் கலங்கடித்தது; நாட்டிலேயே முதல் மதிப்பெண் 720-க்கு 686 தான். அந்தத் தாளை முதல் தேர்வாக வைத்தால் பாதிப் பிள்ளைகள் இரண்டாவது தேர்வுக்கு வர மாட்டார்கள். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வையுங்கள். முதலில் 2022 அல்லது 2023 தாள்.

படி 3: அச்சும் ஓ.எம்.ஆர். தாளும்

தமிழைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு உண்மைத் தேர்வில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த வினாத்தாள்தான் வரும். மாதிரித் தேர்விலும் இரண்டும் இருக்கட்டும். செலவைக் குறைக்கலாம் என்று எழுத்தைச் சுருக்கி ஒரு பக்கத்தில் இரண்டு பக்கத்தை அடக்கிவிடாதீர்கள். கணக்குப் போட வினாத்தாளின் வெற்றிடம் மட்டும்தான் உண்டு. தனி ரஃப் தாள் கிடையாது. இருக்கிற இடத்தில் பொடியாகக் கணக்குப் போடுவதும் பழக வேண்டிய ஒன்றுதான்.

விடை வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுக்காமல் ஒரே கோப்பிலிருந்து எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். அளவு 100 சதவீதம் என்று வையுங்கள். பக்கத்துக்குப் பொருத்து என்ற அமைப்பில் விட்டால் பிரிண்டருக்குப் பிரிண்டர் அளவு மாறலாம், அப்போது திருத்தும்போது வட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. மெல்லிய தாளில் மை பின்பக்கம் தெரியும், கொஞ்சம் கனமான தாளாக வாங்குங்கள்.

பேனா பால்பாயிண்ட் மட்டும். உண்மைத் தேர்வில் பேனாவை மையத்திலேயே கொடுத்துவிடுவார்கள், வீட்டுப் பேனா உள்ளே போகாது. அதனால் ஜெல் பேனாவில் வழுவழுவென்று நிரப்பிப் பழகிய கை அங்கே திணறும். கடையில் இருப்பதிலேயே சாதாரணமான பால்பாயிண்ட் பேனாவை வாங்கி, தேர்வு தொடங்கும்போது ஆளுக்கொன்று கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: மதியம் 2 மணிக்கு முன்

மாதிரித் தேர்வைக் காலை 10 மணிக்கு வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. உண்மைத் தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. 2025-இல் அது அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளிலேயே வந்தது. கரூர், ஈரோடு வெயிலில் அந்த நேரத்தில் மின்விசிறியும் அனல்காற்றைத்தான் தள்ளும். காலையில் நன்றாக எழுதும் பிள்ளைக்கு மூன்றரை மணிக்குக் கண் சொருகும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்துவிட்டு மதியம் தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். முதல் மாதிரித் தேர்விலிருந்தே மதியத் தூக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், உடம்பு பழக இரண்டு வாரம் பிடிக்கும்.

சாப்பாடு பதினொன்றரைக்குள். வீட்டில் பிள்ளைக்குத் தேர்வு என்று அம்மா அரிசிம்பருப்பு சோறு ஆக்கி நெய்யைத் தாராளமாக ஊற்றிவிடுவார்கள். அதைத் தேர்வு முடிந்து வந்து இரவில் சாப்பிடட்டும். மதியத்துக்கு இரண்டு மூன்று இட்லி, அல்லது ரசஞ்சோறு, அல்லது தயிர்சோறு, அதுவும் முக்கால் வயிறு. தண்ணீரைப் படிப்படியாகக் குடிக்க வேண்டும். ஒன்றரைக்கு ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடித்தால் இரண்டரைக்கு வெளியே போகத் தோன்றும். உண்மைத் தேர்வில் முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் கழிப்பறைக்கு விடுவதில்லை.

ஒன்றரைக்குக் கதவைச் சாத்துங்கள். 1:31-க்கு வந்தாலும் அன்று எழுத முடியாது. பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அங்கே இரக்கம் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளைகளே பார்த்து வரட்டும்.

உடை: அரைக்கை சட்டை அல்லது சுடிதார், காலில் செருப்பு. ஷூ வேண்டாம். கைக்கடிகாரம், மோதிரம், கயிறு, பெரிய ஹேர் கிளிப் எதுவும் வேண்டாம். குலதெய்வக் கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வராத பிள்ளைகள் உண்டு. உண்மைத் தேர்வன்று வாசலில் தகராறு செய்து படபடப்போடு உள்ளே போவதைவிட, வீட்டில் பேசி முன்கூட்டியே முடிவு செய்வது மேல். உள்ளே வருவது ஹால் டிக்கெட் மாதிரி ஒரு தாள், அடையாள அட்டை, ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

கைக்கடிகாரம் இல்லாததால் சுவர்க் கடிகாரம் கட்டாயம். முள் கடிகாரமாக, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். 1:45-க்கு வினாத்தாளைக் கொடுங்கள், 1:50 முதல் விவரங்களை நிரப்பட்டும். வினாத்தாளில் உள்ள குறியீட்டு எண்ணும் ஓ.எம்.ஆர். தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பிள்ளை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு தேர்வில் இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

படி 5: 180 நிமிடத்தைப் பிரிப்பது

ஒரு வட்டத்தை ஒழுங்காக நிரப்ப 5 வினாடி ஆகும். 180 வட்டத்துக்கு 900 வினாடி, அதாவது 15 நிமிடம். ஆக, கேள்விக்குக் கிடைப்பது 165 நிமிடம்தான், சராசரி 55 வினாடி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் இருக்கிறது என்ற நினைப்போடு வருகிறவர்கள்தான் கடைசியில் பதினைந்து கேள்வியைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பலருக்கு ஒத்துவரும் பிரிவு இது. 2:00 முதல் 2:50 வரை உயிரியல். 2:50 முதல் 3:40 வரை வேதியியல். 3:40 முதல் 4:40 வரை இயற்பியல். கடைசி 20 நிமிடம் விட்டுப்போனவற்றுக்கு. உயிரியலில் வட்டம் நிரப்பும் ஏழரை நிமிடம் போக ஒரு கேள்விக்கு 28 வினாடிதான் வரும். கேள்வியைப் படித்தவுடன் விடை தோன்ற வேண்டிய பாடம் அது. யோசித்தால் வரும் என்று உட்காரக் கூடாது. அங்கே மிச்சம் பிடித்த நேரம் இயற்பியலில் ஒரு கேள்விக்கு 75 வினாடியாகக் கிடைக்கிறது.

இயற்பியலைக் கடைசியில் வைத்தால் களைப்பில் கணக்குத் தப்பும் என்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. முதல் இரண்டு தேர்வில் ஒரு வரிசை, அடுத்த இரண்டில் வேறு வரிசை எழுதிப் பார்த்து, ஐந்தாவது தேர்விலிருந்து ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். அதற்குப் பின் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது.

ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு சுற்றாகப் பாருங்கள். முதல் சுற்றில் விடை தெரிந்தால் எழுதிவிட்டு எண்ணில் டிக். செய்ய முடியும், நேரம் பிடிக்கும் என்றால் முக்கோணம். சுத்தமாகத் தெரியாது என்றால் பெருக்கல் குறி. 90 வினாடி தாண்டியும் வழி தெரியாத கணக்கை முக்கோணம் போட்டு விட்டுவிட வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். வகுப்பில் எந்தக் கணக்கையும் விடாமல் போட்டுப் பழகிய பிள்ளை ஒரே கணக்கில் ஆறு நிமிடம் செலவழிக்கும். அந்த ஆறு நிமிடத்தில் பத்துப் பக்கம் தள்ளிக் கிடக்கும் ஐந்து சுலபமான கேள்விகள் போய்விடும்.

படி 6: ஓ.எம்.ஆரில் எங்கே வழுக்கும்

2025 தாளில் இயற்பியல் 1 முதல் 45, வேதியியல் 46 முதல் 90, உயிரியல் 91 முதல் 180. உயிரியலில் ஆரம்பிக்கும் பிள்ளை தன் முதல் விடையை நிரப்ப வேண்டியது 91-ஆம் வரிசையில். பழக்க தோஷத்தில் 1-ஆம் வரிசையில் நிரப்பத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வட்டம் போன பிறகு உணர்வதுண்டு. பேனாவால் நிரப்பியதை அழிக்க வழியில்லை. அந்த இயற்பியல் கேள்விகள் போனது போனதுதான்.

இன்னொன்று வரிசை சறுக்கல். 113-ஐ விட்டுவிட்டு 114-க்குப் போகும்போது 114-இன் விடையை 113-இல் நிரப்பினால், அங்கிருந்து எல்லாமே ஒன்று தள்ளிப் போகும். இதைத் தடுக்க, ஒவ்வொரு விடையையும் நிரப்பும்போது கேள்வி எண்ணை வாய்க்குள் முணுமுணுக்கச் சொல்லுங்கள். விடுபட்ட கேள்வியின் எண்ணை வினாத்தாளில் பெரிதாக வட்டமிடட்டும்.

எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்பது மிக ஆபத்தான முறை. நாலரை மணிக்கு மேல் கை நடுங்கும். கேள்விக்குக் கேள்வி நிரப்புவதும் நேரத்தைத் தின்னும், பேனா இரண்டு தாளுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும். நடுவழி: வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் விடைகளை நிரப்புவது. ஒரு தவறு நடந்தாலும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்.

வியர்த்த உள்ளங்கையை ஓ.எம்.ஆர். தாளின் மேல் வைக்காமல் வினாத்தாளின் ஓரத்தை அடியில் கொடுத்து எழுதப் பழகுங்கள். ஈரத்தில் மை இழுவினால் பக்கத்து வட்டமும் கறுக்கும்.

படி 7: தெரியாததை எழுதலாமா

தெரியாததைத் தொடாதே என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எதுவுமே தெரியாமல் 20 கேள்வியைக் குத்துமதிப்பாக நிரப்பினால் சராசரியாக 5 சரி, 15 தவறு. 20 கூட்டி 15 கழித்தால் 5 மதிப்பெண் லாபம். கேள்விக்குக் கால் மதிப்பெண். நான்கு விருப்ப விடைகளில் ஒன்று நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் சராசரி லாபம் முக்கால் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை மதிப்பெண். இரண்டைத் தள்ளிய கேள்வியை எழுதாமல் விடுவது கையில் வந்த காசை விடுவது மாதிரி.

ஆனால் இந்தச் சராசரி, கண்ணை மூடிக்கொண்டு போடுபவருக்குத்தான். அரைகுறையாகத் தெரிந்த பிள்ளை கண்ணை மூடுவதில்லை, பார்க்கச் சரியாகத் தெரிகிற விருப்பத்துக்குப் போகும். கேள்வி அமைப்பவர் பொறி வைத்திருப்பதும் அங்கேதான். அதனால் பொது விதி சொல்வதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் தன் கணக்கை எடுக்க வேண்டும். ஊகமாக எழுதிய கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கட்டும். ஐந்து தேர்வு முடிந்ததும் புள்ளி வைத்தவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியென்றால் ஊகம் லாபம், கீழே போனால் நட்டம். பாடவாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். பலருக்கு உயிரியலில் லாபமும் இயற்பியலில் நட்டமும் வரும்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தனியாக

தமிழ் வரிக்கும் ஆங்கில வரிக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வின் விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது; உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே பிழைக்குப் பின்னால் நியாயம் கிடைக்கும் என்று இருக்க முடியாது, தேர்வறையிலேயே ஆங்கில வரியைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிய வேண்டும்.

அதற்கு முழு ஆங்கிலம் வேண்டாம், கலைச்சொல் தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: நிலைமத் திருப்புத்திறன், பக்கத்தில் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா; திருப்புவிசை, டார்க்; மின்தேக்கி, கெப்பாசிட்டர்; சவ்வூடு பரவல், ஆஸ்மோசிஸ்; ஒடுக்கற்பிரிவு, மியாசிஸ். ஆங்கிலச் சொல்லை நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும், தாளில் அப்படித்தான் வரும். ஒவ்வொரு மாதிரித் தேர்விலிருந்தும் புதிதாக இருபது சொல் சேர்த்தால் பத்துத் தேர்வில் இருநூறு. தமிழ் வரி புரியாதபோது மட்டும் ஆங்கிலத்துக்குப் போகட்டும். எல்லாக் கேள்வியையும் இரண்டு மொழியிலும் படித்தால் நேரம் போதாது.

படி 8: திருத்துவது

ஐந்து மணிக்கு மணி அடித்ததும் முதலில் ஓ.எம்.ஆரை வாங்கி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாகும் வரை யாரும் எழக் கூடாது.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒரு வெற்று ஓ.எம்.ஆர். மேல் வைத்து, சரியான விடைகளின் வட்டங்களை மட்டும் சிவப்பு மார்க்கரால் சுற்றி வரையுங்கள். அதைப் பிள்ளையின் தாள் மேல் வைத்தால், சிவப்பு வளையத்துக்குள் கறுப்பாக இருப்பதெல்லாம் சரி. முதலில் பிள்ளை எழுதிய மொத்த எண்ணிக்கை, பிறகு சரியானவை, இரண்டை மட்டும் எண்ணினால் போதும். சரியானதை 5-ஆல் பெருக்கி, எழுதியதைக் கழித்தால் மதிப்பெண். 168 எழுதி 112 சரியென்றால், 560 கழித்தல் 168, அதாவது 392. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் கறுத்திருந்தால் தவறு என்றே வையுங்கள். செல்போனில் படம் பிடித்துத் திருத்தும் செயலிகளும் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் கையின் நிழல் விழுந்தால் தப்பாக எண்ணும், பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அந்தப் பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளையும் ஓடுவது ஒரே வரிசையில் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளே இல்லை.

படி 9: பிழைக் கணக்கு

இதுதான் வேலையின் கனமான பாதி. விடைக்குறிப்பை அன்று இரவு கொடுக்காதீர்கள். மறுநாள் காலையில், முக்கோணம் போட்டு விட்டவற்றையும் புள்ளி வைத்தவற்றையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். பிறகுதான் விடைக்குறிப்பு. தேர்வறையில் வராதது வீட்டில் வந்துவிட்டால் பாடம் தெரிகிறது, நேரம்தான் போதவில்லை. வீட்டிலும் வரவில்லையென்றால் பாடமே தெரியவில்லை. விடையைப் பார்த்துவிட்டால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் தோன்றும்.

நோட்டில் நான்கு பத்தி: கேள்வி எண், பாடம், பிழையின் வகை, சரியானது ஒரே வரியில். வகைகள் ஐந்து: தெரியாதது, கவனப் பிழை, நேரமின்மை, ஊகம், ஓ.எம்.ஆர். பிழை. முன்னால் சொன்ன 392-ஐயே எடுத்துக்கொள்வோம். தவறு 56. அதில் தெரியாதது 21, கவனப் பிழை 19, ஊகம் 11, ஓ.எம்.ஆர். 5 என்று வைப்போம். தவறு ஒன்று சரியாக மாறினால் கழிந்த 1-உம் வராத 4-உம் சேர்ந்து 5 மதிப்பெண் கூடும். கவனப் பிழையும் ஓ.எம்.ஆர். பிழையும் சேர்ந்து 24. அவற்றை ஐந்தால் பெருக்கினால் 120. ஒரு பக்கம்கூடப் புதிதாகப் படிக்காமல் அந்தப் பிள்ளை 512-க்குப் போக முடியும். வீட்டில் "எத்தன மார்க்கு கண்ணு?" என்று கேட்பதற்குப் பதில், "தெரிஞ்சே உட்டது எத்தன கண்ணு?" என்று கேட்கலாம்.

கவனப் பிழைக்கு இன்னும் கவனமாக இரு என்று சொல்வதால் பயனில்லை. கை செய்யும் ஒரு பழக்கமாக மாற்ற வேண்டும். தவறான கூற்று எது, பொருந்தாதது எது என்று வரும்போது அந்தச் சொல்லைப் பேனாவால் வட்டமிட வேண்டும். உயிரியலில் கவனப் பிழைகள் அதிகம் வருவது இங்கேதான். முதல் விருப்பம் சரியான கூற்றாக இருக்கும், பார்த்தவுடன் நிரப்பிவிடுவார்கள். இயற்பியலில் கொடுத்த அளவுகளை ஓரத்தில் அலகோடு எழுத வேண்டும். விட்டத்தை ஆரமாக எடுத்தால் பரப்பு நான்கு மடங்காகும், அந்தத் தப்பு விடையும் நான்கு விருப்பத்தில் ஒன்றாகக் காத்திருக்கும். சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தாலும் இதே கதைதான். வேதியியலில் குறைக்குறி விடுபடுவது, மடக்கைக் கணக்கில் தசமம் நகர்வது.

தெரியாத 21-ஐயும் துரத்த வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு தேர்வில் ஒரே அலகிலிருந்து இரண்டு கேள்வி போனால் மட்டும் அந்த அலகை எடுங்கள். ஏப்ரல் மாதத்தில் புதிய அலகு ஒன்றைத் தொடங்குவதானால் அது சிறியதாக இருக்கட்டும்.

ஏழு நாள் கழித்து, போன தேர்வில் தவறிய கேள்விகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு சிறு தாள். விடைக்குறிப்பு இல்லாமல் எழுத வேண்டும். பாதிக்கு மேல் மறுபடி தப்பினால் நோட்டில் எழுதியது மண்டையில் ஏறவில்லை. அந்த ஒரு வரியைத் தன் சொல்லில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு

கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. போன்றவற்றில் தமிழக அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர நுழைவுத் தேர்வே கிடையாது, 2007-லேயே எடுத்தாயிற்று. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணில் 200-க்குக் கட் ஆஃப். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. பக்கம் போக நினைத்தால்தான் ஜே.இ.இ. அதில் முதல் கட்டமான மெயின், கணினித் தேர்வு: 75 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தாளில் பயிற்சி செய்து பயனில்லை. தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் உள்ள இலவச மாதிரித் தேர்வைக் கணினியில், மவுஸ் வைத்து எழுதுங்கள், செல்போனில் வேண்டாம். எண் விடைகளைத் திரையில் தெரியும் எண் பலகையைச் சொடுக்கித்தான் போட வேண்டும். குறைக்குறி விடுபடுவது அங்கேதான்.

கடைசி வாரம்

கடைசி முழுத் தேர்வு, உண்மைத் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் வரும் புதன்கிழமை. சுமாரான கடினமுள்ள தாளாக எடுங்கள். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், ஓ.எம்.ஆரில் சறுக்கல் இருக்கிறதா, 2:50-க்கும் 3:40-க்கும் பாடம் மாறினார்களா என்று மட்டும் பாருங்கள். வியாழனும் வெள்ளியும் பிழை நோட்டைத் தவிர வேறு எதையும் திறக்க வேண்டாம். சனிக்கிழமை மதியம் பிள்ளையும் வீட்டில் ஒருவரும் தேர்வு மையம் வரை பஸ்ஸில் போய், எந்த வாசல், பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை நிமிட நடை, நிழலுக்கு மரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் ஹால் டிக்கெட்டோடு வந்த படிவத்தில் அஞ்சலட்டை அளவுப் புகைப்படத்தை ஒட்டி, பாஸ்போர்ட் அளவுப் படம், அசல் அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஒன்பதரைக்குள் படுத்துவிட வேண்டும்.